பிசெரிமோசுக்கு ஒரு சனிக்கிழமை

போத்தியா, கலிம்னோஸ்
9 மே 1972

தெமெலினாவுக்கு அண்ணன் ஸ்கேவோஸ் எழுதுவது.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. கடைக்கு வருகிறவனிடமும் அப்படித்தான், உன்னிடமும் அப்படித்தான். அம்மாவைக் குழியிலிருந்து எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிப்ரவரியோடு நாலு வருடம் முடிந்தது. பிசெரிமோஸ் கல்லறையில் மொத்தம் பதினோரு குழிதான் இருக்கிறது. அம்மா படுத்திருப்பது அவள் தாய்வழிக் குடும்பத்துக் குழி. அடுத்த பாத்தியதை நோமிக்கோஸ் மாமாவுக்கு. அவருக்கு எண்பத்தேழு ஆகிறது. ஈஸ்டருக்கு அந்தத் தீவுக்குப் போயிருந்தேன். படகிலிருந்து நான் கால் வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏண்டா ஸ்கேவோ, உங்கம்மா எப்ப எந்திரிக்கப் போறா? நான் எத்தனை நாளைக்குத்தான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இடத்துக்குக் காத்துக் கிடக்கிறது?"

"உங்களுக்கு என்ன மாமா அவசரம்? நல்லாத்தானே இருக்கீங்க."

"நல்லா இருக்கிறப்பவே இடம் பிடிச்சுக்கணும்டா. நீ யாவாரிதானே, தெரியாதா?"

அவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் சொல்வது நியாயம். தோண்டுவது ஆண்கள் வேலை, அதற்கு நான் இருக்கிறேன். எலும்பை ஒயின் ஊற்றிக் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் அடுக்குவது மகளின் வேலை. மகள் உயிரோடு இருக்கும்போது ஊர்க்காரிகள் கழுவினால் அம்மாவுக்குக் கேவலம், உனக்கும் கேவலம்.

ஒரே ஒரு நாள் போதும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மனோலிசின் படகு நம் துறையிலிருந்து கிளம்பும். எட்டரைக்குள் அங்கே இருப்போம். மதியத்துக்குள் எல்லாம் முடியும். மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம், ஏனென்றால் சாமியார் லூக்காஸ் மாலைப் பூசைக்குக் கோயிலில் இருக்க வேண்டும். அந்தத் தீவுக்கென்று சாமியார் கிடையாது, நாம்தான் இங்கிருந்து கூட்டிப்போக வேண்டும். அவருக்கோ கடல் ஒத்துக்கொள்ளாது, கட்டிக்கிடக்கும் படகிலேயே வாந்தி எடுப்பவர். ஆகவே ஜூலை, ஆகஸ்டு வாடைக்காற்றில் முடியாது. செப்டம்பர் நாலாவது சனி என்று வைத்திருக்கிறேன், 23ஆம் தேதி.

நீயும் நானும் சரியாகப் பேசிப் பதினாலு வருடம் ஆகிறது. அதைப் பேசித் தீர்க்கக் கூப்பிடவில்லை. வந்து வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போ. என் வீட்டு மாடியறை காலியாக இருக்கிறது. அம்மாவின் வீட்டில் தங்க முடியாது. அங்கே கயிறும் பெயிண்டும் நங்கூரமும் அடைத்து வைத்திருக்கிறேன். நீயாக வந்து பார்ப்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்கேவோஸ்


டார்வின், ஆஸ்திரேலியா
30 மே 1972

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மச்சான் சவாஸ் படித்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா இறந்ததை நீ எழுதினாயே, அந்தக் கடிதம் இங்கே வரும்போது நாற்பதாம் நாள் பூசை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. தந்தி அடிக்க உனக்குக் கை வரவில்லை. இப்போது எலும்பு கழுவ மட்டும் மகள் வேண்டுமா?

"எனக்கு மகள் இல்லை" என்று அம்மா சொல்ல, நீ எழுதி அனுப்பிய காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுத்து உன்னுடையது. கோணல் இல்லாமல், கடை பில் மாதிரி எழுதியிருந்தாய்.

இல்லாத மகள் எப்படிக் கழுவுவாள்?

பிள்ளைகள் நலம். எவ்தோக்கியாவுக்குப் பதினாலு முடிந்தது. இங்கே மழைக்காலம் போய்விட்டது.

மனோலிஸ் என்றால் நொண்டி மனோலிசா, அவர் மகனா? படகு இன்னும் அந்தப் பச்சைப் படகுதானா?

தெமெலினா


போத்தியா
17 ஜூன் 1972

தெமெலினா,

மகன். பச்சைப் படகு உடைந்துபோயிற்று, இது நீலம், பெரியது. பெயிண்ட் என் கடையில் வாங்கியது.

நீ எழுதியதெல்லாம் உண்மை. எழுத்து என்னுடையதுதான். அம்மா சொன்னாள், எழுதினேன். கொஞ்சம் தணித்து எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. எனக்கும் கோபம் இருந்தது. அம்மாவின் அம்மா பேர் உனக்கு, அம்மா பேர் உன் மூத்த மகளுக்கு, அந்தப் பேரோடு வீடும் போய்ச் சேரும். இந்தத் தீவில் அதுதான் வழக்கம். அம்மா ஞானஸ்நானச் சட்டையைத் தைத்து, கழுத்தோரம் கலோத்தினாவுக்கு 'க' என்று நூலால் போட்டு, அனுப்ப வைத்திருந்தாள். அப்புறம் நீ மாமியார் பேரை, எவ்தோக்கியா என்று, வைத்துவிட்டாய் எனத் தகவல் வந்தது. அவள் அந்தச் சட்டையை என் கண் முன்னால் அடுப்பில் போட்டாள். "என் பேரை எழுப்ப ஆளில்லடா, நான் செத்தா செத்ததுதான்" என்றாள். அந்த வாரமே என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தான் பிறந்த பிசெரிமோசுக்கே போய் ஆடு வளர்க்க ஆரம்பித்தாள். நாங்கள் கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். திட்டுவதற்காக இல்லை, எனக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் கேட்கிறேன். ஏன் அப்படிச் செய்தாய்? மாமியாருக்குப் பயந்தா? அந்த அம்மாள் இங்கே கலிம்னோசில் இருந்தாள், நீ அங்கே இருந்தாய். சவாஸ் பிடிவாதமா? அவன் சாது. எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் எனக்குக் கணக்கு நேராகவில்லை.

23ஆம் தேதி அப்படியே இருக்கிறது. சாமியாரிடம் சொல்லிவிட்டேன். "காற்று இருக்காதே?" என்று மூன்று தடவை கேட்டார்.

ஸ்கேவோஸ்


டார்வின்
6 ஜூலை 1972

அண்ணா,

இதை நாலாவது முறையாக எழுதுகிறேன். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

எவ்தோக்கியா என் மூத்த மகள் இல்லை.

நாங்கள் இங்கே வந்த அடுத்த வருடம், 56 ஜனவரியில், எனக்கு ஒரு பெண் பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. நல்ல மழை, ஆஸ்பத்திரிக் கூரையில் விழுகிற சத்தத்தில் அது அழுவதுகூடச் சரியாகக் கேட்காது. ஏழாம் நாள் டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்போது இந்த ஊரில் நம் சாமியார் யாரும் கிடையாது. ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடக்கூடாதே என்று சவாஸ் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து, நம் ஊரில் ஆபத்துக்குச் செய்வார்களே அப்படி, மூன்று தடவை மேலே தூக்கினார். பிதா, சுதன், ஆவி. நர்ஸ் அலறிக்கொண்டு ஓடி வந்தாள், பிள்ளையை எறியப் போகிறார் என்று. சவாஸ் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "பேர் சொல்லு தெமெலினா" என்றார்.

கலோத்தினா என்றேன்.

இரண்டு நாள் அந்தப் பேரோடு இருந்தாள். இங்கேதான் இருக்கிறாள், கடலுக்குப் போகிற வழியில் உள்ள கல்லறையில்.

கர்ப்பம் தங்கவில்லை என்று மட்டும் அம்மாவுக்கு எழுதினேன். உனக்கு நினைவிருக்கலாம், நீதானே படித்துக் காட்டியிருப்பாய். அம்மாவுக்கு அப்போது நெஞ்சுவலி வந்து எழுந்திருந்த நேரம். அவள் பேர் வைத்த பிள்ளை ஒன்பது நாளில் போய்விட்டது என்று எழுதினால், அடுத்துச் சாவு கூப்பிடுவது தன்னைத்தான் என்று கறுப்புத் துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அம்மாவை எனக்குத் தெரியாதா?

இரண்டு வருடம் கழித்து இவள் பிறந்தாள். சவாஸ் கலோத்தினா என்றே வைப்போம் என்றார். நானும் சரி என்றேன். ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் ஞானத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை அண்ணா. திரும்பவும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு இவளும் திரும்பாமல் போனால்? எவ்தோக்கியா என்றேன். சவாசுக்கே அது அங்கேதான் தெரியும்.

உன் காகிதம் வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாதி பயம், பாதி கோபம். பத்து வருடம் காத்திருந்தேன். ஏன் செய்தாய் என்று யாராவது ஒருவர் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று இருந்தேன். அம்மா கேட்கவில்லை. இப்போது நீ கேட்டிருக்கிறாய்.

டிக்கெட் எடுத்துவிட்டோம். நான் மட்டும் வருகிறேன். 21ஆம் தேதி ஏதென்ஸ், 23 விடியற்காலைக் கப்பலில் கலிம்னோஸ். ஏழு மணிப் படகைக் கப்பலுக்காகக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல். கழுவுவதற்கு முன் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வருகிறேன்.

ஒயின் எவ்வளவு தேவைப்படும்? இங்கிருந்து ஒரு வெள்ளைத் துணி கொண்டு வருகிறேன்.

தெமெலினா


போத்தியா
25 ஜூலை 1972

அன்புள்ள தெமெலினா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்ததும் கதவைச் சாத்திவிட்டேன். பட்டப்பகலில் ஸ்கேவோஸ் கடை சாத்தியிருக்கிறதே, எவன் செத்தான் என்று பக்கத்துக்கடைக்காரன் வந்து தட்டினான்.

நான் இதை எழுதாமலே இருந்துவிடலாம். நீ வருவாய், கழுவுவாய், அழுவாய், போவாய். யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மா கேட்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நீ அந்தக் குழி ஓரத்தில் நிற்பாய். அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது.

அம்மா கேட்டாள்.

67 ஆகஸ்டு, கன்னிமாதா திருநாளுக்கு நான் பிசெரிமோஸ் போயிருந்தபோது. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஸ்கேவோ, அவளுக்கு ஒரு கடுதாசி போடு. ஏன் அப்படிப் பண்ணினாளாம்னு கேளு. திட்டி எழுதாத. சும்மா கேளு."

"இப்ப எதுக்கும்மா அது?"

"காரணமில்லாமப் பண்ற புள்ள இல்லடா அது. நான் ஒருத்தி, முதல்லயே கேட்டிருக்கணும்."

சரி என்றேன். எழுதவில்லை.

அந்த வசந்தத்தில்தான் அம்மா வீட்டுக்குள் சாமான் இறக்க ஆரம்பித்திருந்தேன். பத்திரம் இன்னும் என் பேருக்கு மாறவில்லை. நீங்கள் இருவரும் சமாதானமாகிவிட்டால் வழக்கப்படி அது உனக்குத்தான் போகும். துறைக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் எனக்கு வேறு கிடைக்காது. இதை நான் மனதுக்குள் இத்தனை தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சீசன் முடியட்டும், இந்த வாரம் சரக்கு வருகிறது, அடுத்த வாரம் எழுதலாம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மைக் காரணம் இதுதான். சரக்கை எடைபோடத் தெரிந்தவன், என்னை எடைபோட மாட்டேனா?

இன்னும் இருக்கிறது. அம்மா வாராவாரம் மனோலிசிடம் சொல்லி அனுப்புவாள், "பதில் வந்துச்சான்னு கேட்டுட்டு வா." நான் சொல்லி அனுப்புவேன், "ஆஸ்திரேலியா தூரம்மா, கப்பல் தபால், லேட்டாகும்." பிப்ரவரி வரைக்கும் அப்படியே சொன்னேன்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் எழுது.

ஒயின் இரண்டு புட்டி போதும். நான் வாங்கி வைக்கிறேன்.

அண்ணன்


டார்வின்
12 ஆகஸ்டு 1972

ஸ்கேவோஸ்,

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் அம்மா என் பதிலுக்காகக் காத்திருந்தாள். கேட்டும் நான் பதில் போடவில்லை என்று நினைத்துக்கொண்டே செத்திருக்கிறாள். இதற்குமேல் அவள் தலையை என் கையில் எடுத்து நான் எதைச் சொல்வது?

நீ கழுவு. வீட்டை எடுத்துக்கொண்டவன் நீ, மகள் வேலையையும் நீயே செய்.

தெமெலினா


போத்தியா
28 ஆகஸ்டு 1972

தெமெலினா,

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீ கொடுக்க வேண்டியிருக்கும், இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டும் உனக்குத் தொல்லை.

வீட்டைப் பற்றியும் இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். எழுதினால் விலை பேசுவது போல இருக்கும்.

ஒன்றே ஒன்று. டிக்கெட் மறுபடியும் கிடைக்குமா என்று கேட்டுப் பார். நான் அன்று படகில் வரமாட்டேன். என் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை. என் மனைவி ஸ்தமாத்தியா உன்னோடு வருவாள், தோண்டுவதற்கு மனோலிசும் அவன் தம்பியும் இருக்கிறார்கள். நான் கடையில் இருந்துகொள்கிறேன். நீ வந்து அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அன்று மாலைக் கப்பலிலேயே போய்விடு.

பதில் எழுத வேண்டாம். 23ஆம் தேதி விடியற்காலைக் கப்பலைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்கேவோஸ்


போத்தியா
24 செப்டம்பர் 1972

தெமெலினா,

நேற்றுப் போய்வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிக்காமல் போட்டாலும் போடு.

ஏதென்சிலிருந்து வரும் பிரேயஸ் கப்பல் ஐந்தரைக்கு வந்தது. துறையின் ஓரமாக, ஐஸ் கிடங்குக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உன் கண்ணில் படாமல் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் அங்கே நின்றேன். இறங்கினவர்களில் பதினாலு பேர் பெண்கள். ஒருத்தி வெள்ளை மூட்டை வைத்திருந்தாள், அவள் கோஸ் தீவுக்காரி. எல்லோரும் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி, பலகையை எடுத்த பிறகு ஸ்தமாத்தியா வந்து என் கையைத் தொட்டாள். "நீங்க மனோலிஸ் படகுல ஏறுங்க" என்றாள்.

ஏழரை ஆகியும் நான் கயிற்றை அவிழ்க்க விடவில்லை. மனோலிஸ் கேட்டான்.

"யாருக்காக முதலாளி நிக்கிறோம்?"

"காத்து தணியட்டும்."

"காத்தே இல்லையே."

சாமியார் ஏற்கெனவே ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "கிளம்புங்கப்பா, இருக்கிற தைரியமும் போயிடும்" என்றார். கிளம்பினோம்.

மண் இளகலாகத்தான் இருந்தது. முழங்கால் ஆழத்தில் தலைத்துணி தெரிந்தது. அம்மாவின் நீலத் தலைத்துணி, கரை மட்டும் மிச்சம். எலும்பு தேன் நிறத்தில் சுத்தமாக வந்தது. ஊர்க்காரிகள் பார்த்துவிட்டு, நல்ல ஆத்மா, மண் ஏற்றுக்கொண்டது என்றார்கள். நோமிக்கோஸ் மாமாவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். "பார்த்து எடுங்கடா, என் குழிச் சுவரை உடைச்சிடாதீங்க" என்று அங்கேயும் அதட்டிக்கொண்டிருந்தார்.

தாம்பாளத்தை எடுத்து வைத்ததும் மூன்று பெண்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். "மக வரல போல. நாங்க கழுவுறோம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் காதில் விழுந்தது: "பேரே வைக்காதவ, எலும்புக்கா வரப்போறா?"

சட்டைக் கையை மடித்துவிட்டு நானே உட்கார்ந்தேன். "ஆம்பளை கழுவுறதா, என்ன கூத்து இது?" என்று சிரித்தார்கள். நான் தலை தூக்கவில்லை. எனக்குக் கழுவவும் தெரியவில்லை. ஒயினை அதிகமாக ஊற்றிவிட்டேன், பாதியிலேயே ஒரு புட்டி தீர்ந்துவிட்டது. ஸ்தமாத்தியா பக்கத்தில் உட்கார்ந்து, "பெரிசெல்லாம் கடைசியில, சின்ன எலும்பு முதல்ல" என்று சொல்லிக்கொடுத்தாள். விரல் எலும்புகளை ஒவ்வொன்றாகக் கழுவினேன். தலையைக் கடைசியில் எடுத்தேன். நீ சொல்ல வந்ததைச் சொல்லிப் பார்த்தேன் தெமெலினா. வாய் வரைக்கும் வந்தது. அது உன் வார்த்தை, நான் சொன்னால் திருட்டு மாதிரி இருந்தது. முத்தமிட்டுத் துணியில் வைத்துவிட்டேன்.

அப்புறம் பூசை. வேகவைத்த கோதுமையில் மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் நம் வீட்டு இறந்தவர்களின் பேர்த்தாளைக் கையில் எடுத்தார். ஸ்தமாத்தியா எழுதிய தாள்தான். விடியற்காலையில் கிளம்பும்முன் அதில் ஒரு வரி நான் சேர்த்திருந்தேன். அப்பா பேரைப் படித்தார், சக்கெல்லாரிஸ். தாத்தா, பாட்டி. கலோத்தினா என்று படித்தார். நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ஸ்கேவோ, ஒரே பேரை ரெண்டு தடவை எழுதியிருக்கே."

"தப்பில்ல சாமி. ரெண்டு பேர்."

"இன்னொன்னு யாரு?"

"பேத்தி. தெமெலினாவோட மூத்த பொண்ணு. ஒம்பது நாள் இருந்தா. தகப்பனே தூக்கிப் பேர் வச்சிருக்கான்."

அந்தப் பெண்கள் மூவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நோமிக்கோஸ் மாமாதான் கேட்டார், காது மந்தமானவர்களின் சத்தமான குரலில்.

"இது உங்கம்மா கலோத்தினாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"ஏன் யாரும் சொல்லல?"

"அம்மா கேட்டு எழுதச் சொன்னாங்க. நான் எழுதல. பதில் வரலைன்னு பொய் சொன்னேன்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சாமியார் தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து இரண்டாவது கலோத்தினாவையும் படித்தார். முதல் பேருக்குப் படித்த அதே ராகத்தில்தான் படித்தார்.

கோதுமையை எல்லோர் கையிலும் வைத்துக்கொண்டு வந்தார்கள். என் கையில் யாரும் வைக்கவில்லை. பெட்டி கோயிலுக்குள், கதவுக்கு வலப்பக்கம், இரண்டாவது தட்டில் இருக்கிறது. மூன்று மணிப் படகில் திரும்பினோம்.

நீ பேரை எழுப்பினவள்தான் என்று இப்போது பிசெரிமோசில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குள் போத்தியாவுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் போனது அம்மாவுக்கு மட்டும்தான்.

ஸ்கேவோஸ்